சிட்டுக்குருவிக் கூட்டுப்பெட்டி: எந்தச் சுவரில் மாட்டுவது, துளை எவ்வளவு?

வேளச்சேரி மாடி

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. எங்கள் தெருவில் சிட்டுக்குருவி இன்னும் இருக்கிறது. முனையில் உள்ள மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கும் நேரத்தில் ஒரு கூட்டமே வந்து இறங்கும். இப்போது ஒரு ஜோடி கீழே மீட்டர் பெட்டிக்குள் வைக்கோலும் தேங்காய் நாரும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மின்கம்பிக்குப் பக்கத்தில் கூடு இருப்பது அதற்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. மீட்டர் பெட்டியின் கதவை மூடிவிட்டு, அது முட்டையிடும் முன்னாலேயே வேறு இடம் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

இணையத்தில் தேடினால் விதவிதமாகப் பெட்டி விற்கிறார்கள். குடிசை மாதிரி, சர்ச் மாதிரி, வாசலில் உட்காரக் குச்சி வைத்தது, கண்ணாடி வைத்தது என்று ஏகப்பட்டவை. எதை வாங்குவது?

வீட்டு அமைப்பு: பால்கனி மேற்குப் பார்த்தது. தெற்குச் சுவரில் படுக்கையறை ஜன்னல், மேலே சன்ஷேட் உண்டு. வடக்குச் சுவரில் சமையலறை, அங்கும் சன்ஷேட் உண்டு. கிழக்கே பக்கத்துக் கட்டடம் ஒட்டினாற்போல் நிற்கிறது. ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் "வடக்குக்கும் கிழக்குக்கும் இடையே பார்த்து மாட்டு" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் சமையலறைப் பக்கம்தானா?

---

நொய்யல்கரை

சமையலறைப் பக்கம் வேண்டாம். தெற்குச் சுவரில் சன்ஷேடுக்கு அடியில் மாட்டுங்கள்.

அந்த "வடக்கு–கிழக்கு" அறிவுரை பிரிட்டனுக்காக எழுதியது. அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் போகும், மழைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். அதனால் வடகிழக்கு அவர்களுக்குப் பாதுகாப்பான திசை. நமக்குக் கணக்கே வேறு.

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் நிற்கும். பள்ளிக்கூடங்களில் நிழலில்லா நாள் என்று கம்பை நட்டுக் காட்டுவார்களே, அதுதான். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுவரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. அதாவது கத்திரி வெயில் காலத்தில் வெயில் வாங்குவது வடக்குச் சுவர், நிழலில் இருப்பது தெற்குச் சுவர். டிசம்பர், ஜனவரியில் தெற்குச் சுவரில் வெயில் விழும். ஆனால் அந்த வெயில் யாரையும் கொல்லாது.

அடுத்தது மழை. சென்னைக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்கிலிருந்து. புயல் சின்னம் உருவானால் சாரல் அந்தப் பக்கத்துச் சுவரில்தான் அறையும். ஆங்கிலக் கட்டுரையைப் பார்த்து வடகிழக்கே மாட்டினால் பெட்டியின் வாயை மழைக்கு நேராகத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

மேற்குப் பால்கனியை யோசிக்கவே வேண்டாம். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து சூரியன் இறங்கும்வரை வெயில் நேராக அடிக்கும், அந்த நேரத்தில் சுவரும் சூடேறி இருக்கும். குஞ்சுகளுக்கு மயிர் முளைக்கும் முன் வெப்பம் தாங்காது. இறகு வந்த குஞ்சாக இருந்தால் சூடு பொறுக்காமல் பறக்கத் தெரியும் முன்பே வெளியே குதித்துவிடும். கீழே காகமும் பூனையும் காத்திருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது சென்னைக்கு. எங்கள் கோவையில் ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மேற்கிலிருந்து தள்ளும், சாரலும் அங்கிருந்துதான். இங்கே நான் கிழக்குச் சுவரைத்தான் சொல்வேன். நாகர்கோவில்காரர்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அவர்களுக்குத் திசையைவிட ஆழமான தாழ்வாரம்தான் முக்கியம். யார் பெட்டி மாட்டுவதானாலும் முதலில் தன் வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். மழை அடித்த மறுநாள் எந்தச் சுவர் காய்ந்திருக்கிறது, மே மாதம் மூன்று மணிக்கு எந்தச் சுவரில் கை வைக்க முடிகிறது? அந்தச் சுவர்தான் உங்கள் சுவர்.

---

ஆசாரி மகன்

திசையை அண்ணன் சொல்லிவிட்டார். நான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா காலத்திலிருந்து மரவேலைதான்.

விலைக்கு வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் முன் நான்கைந்து விஷயம் பாருங்கள். துளையின் விட்டம் 32 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், கூடிப்போனால் 35. சட்டைப்பையில் இருக்கிற பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். நாணயம் 27 மில்லிமீட்டர். நாணயத்தைச் சுற்றிச் சின்ன இடைவெளி தெரிந்தால் சரியான துளை. நாணயத்தோடு இரண்டு விரலும் உள்ளே போகிறது என்றால் அது சிட்டுக்குருவிப் பெட்டி இல்லை, மைனா வந்து உட்கார்ந்துகொள்ளும். கடையில் விற்கிற பெட்டிகளில் பாதிக்கு மேல் துளை பெரிதாகத்தான் இருக்கிறது.

வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைத்திருந்தால் பிடுங்கிவிடுங்கள். குருவிக்கு அது தேவையே இல்லை, துளையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேராக நுழைந்துவிடும். குச்சி இருந்தால் காகம் அதில் உட்கார்ந்து மூக்கை உள்ளே விடும்.

மரத்தூளை அழுத்திச் செய்த மெல்லிய எம்.டி.எஃப். பலகை ஒரு மழைக்கு உப்பிவிடும், சாதா பிளைவுட் இரண்டு வருஷத்தில் ஏடு ஏடாகப் பிரியும். பலகை முக்கால் இஞ்ச் கனம் இருந்தால்தான் வெயிலைத் தடுக்கும். தகரக் கூரை போட்ட பெட்டியைத் தயவுசெய்து வாங்காதீர்கள், அடுப்பு மாதிரி காயும். உள்ளே பெயிண்ட், வார்னிஷ் எதுவும் கூடாது. வெளியே அடிக்கலாம், ஆனால் வெளிர் நிறமாக, வாசனை போகும்வரை காயவைத்து.

நீங்களே செய்ய ஆசைப்பட்டால் இதோ கணக்கு. ஆறு இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் கனம், ஐந்தடி நீளம், ஒரே பலகை போதும்.

பின்பலகை 12 இஞ்ச். முன்பலகை எட்டரை. பக்கப் பலகை இரண்டும் சேர்த்துப் பதினெட்டரை இஞ்ச் துண்டு ஒன்று எடுத்து, பின்விளிம்பு 10, முன்விளிம்பு எட்டரை வருகிற மாதிரி நடுவில் சாய்வாக ஒரே அறுப்பு. அடிப்பலகை நாலரை. கூரை எட்டரை. மொத்தம் 52 இஞ்ச், மிச்சம் ரம்ப வாய்க்கும் தப்பறுப்புக்கும் இருக்கட்டும். பக்கப் பலகைகள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உட்கார வேண்டும். உள்ளே நாலரைக்கு ஆறு இஞ்ச் தரை கிடைக்கும். கூரை முன்னால் ஒன்றரை இஞ்சுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும், சாரலுக்கு அது போதும்.

துளையின் மையம் முன்பலகையின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு இஞ்ச் கீழே. வட்டத் துளை போடும் ஒன்றேகால் இஞ்ச் ஹோல்சா பிளேடு வாடகைக்குக் கிடைக்கும். துளை மேலே இருக்கிறதால் கூடு ஆழத்தில் அமையும், காக மூக்கு எட்டாது. முன்பலகையின் உள்பக்கத்தை இழைக்காதீர்கள். ஏற்கெனவே இழைத்த பலகையாக இருந்தால் உளியால் குறுக்கே நாலைந்து கோடு கீறிவிடுங்கள். குஞ்சு ஏறிவர அதுதான் ஏணி.

அடிப்பலகையில் நான்கு மூலையிலும் 6 மில்லிமீட்டர் துளை, தண்ணீர் வடிய. பக்கப் பலகையில் கூரைக்குச் சற்றுக் கீழே அதே அளவில் இரண்டிரண்டு துளை, சூடு வெளியேற. கூரையையோ ஒரு பக்கப் பலகையையோ கீல் வைத்துக் கொக்கி போட்டுவிட்டால் சுத்தம் செய்யத் திறக்கலாம்.

மரம்: வேம்பு, மா, பழைய தேக்குக் கதவுத் துண்டு எதுவும் ஆகும். பார்சல் வரும் பைன் பலகை சும்மாவே கிடைக்கும், ஆனால் அதில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம்.

---

புதுசா ஒரு குருவி

அட்டைப்பெட்டி வைத்தால் போதாதா? எங்கள் ஏரியாவில் மார்ச் 20 அன்று ஒரு அமைப்பு ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு எல்லோருக்கும் கொடுத்தது.

---

டீச்சரம்மா, காரைக்குடி

மழை படாத, பூனை எட்டாத உள்தாழ்வாரத்தில் அட்டைப்பெட்டியிலும் குருவி கட்டும். பழைய போட்டோ சட்டத்துக்குப் பின்னால் கட்டிய பறவைதானே. ஆனால் அட்டை ஒரு ஈடு, அதாவது ஒருமுறை முட்டையிட்டுக் குஞ்சு பறக்கும்வரை, தாங்கும், அதற்கு மேல் நமத்துப் பிரிந்துவிடும். குஞ்சு இருக்கும்போது அடிப்பாகம் பிரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதைவிட எனக்கு இருக்கிற வருத்தம் வேறு. மார்ச் 20-ஐ உலகச் சிட்டுக்குருவி நாளாக 2010 முதல் கொண்டாடுகிறோம். அன்றைக்குப் பெட்டி கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தத் தெருவில் குருவி இருக்கிறதா என்று யாரும் முதலில் பார்ப்பதில்லை. சிட்டுக்குருவி தான் பிறந்த இடத்தைவிட்டு வெகு தூரம் போகாத பறவை. காது கேட்கிற தூரத்தில் குருவிச் சத்தம் இல்லாத இடத்தில் தேக்கில் இழைத்து மாட்டினாலும் அது காலியாகத்தான் தொங்கும்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு முதலில் கணக்கெடுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது அல்லவா, பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எழுதி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுவது. அதே முறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தெருவுக்கு எழுதிக்கொண்டு வரும். கம்பங்கடை வாசலில் எத்தனை, கோயில் மடப்பள்ளிப் பக்கம் எத்தனை, எந்தக் குழாய் ஓட்டையில் ஜோடி நுழைகிறது என்று. அந்தத் தாளைப் பார்த்துத்தான் பெட்டி எங்கே என்று முடிவு செய்கிறோம். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் ஓட்டுச் சரிவுக்கும் உத்தரத்துக்கும் நடுவே இடுக்கு ஏராளம், அங்கே பெட்டியே தேவையில்லை. அந்த வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் எழுப்பிய மனைகளில்தான் பெட்டிக்கு வேலை. குருவி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், நுழைய இடம் இருக்காது.

வேளச்சேரிச் சகோதரி, உங்கள் வீட்டில் ஜோடி தயாராகவே இருக்கிறது. நீங்கள் தாராளமாக மாட்டுங்கள்.

---

கதிர்வீச்சு வேண்டாம்

எல்லோரும் பெட்டி பெட்டி என்கிறீர்கள். செல்போன் கோபுரத்தை எடுக்காமல் என்ன பெட்டி வைத்து என்ன பயன்? குருவி அழிந்ததற்குக் காரணமே அதுதானே.

---

நொய்யல்கரை

நண்பரே, இந்தப் பேச்சு நம் ஊரில் ரொம்ப ஆழமாகப் பதிந்துவிட்டது, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 2020-ல் வந்தது. நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் ஏற்றிய பட்டியல்களை வைத்துத் தயாரித்தது. நாடு தழுவிப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்து வந்திருப்பது தெரிகிறது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். கோபுரம் கிராமத்திலும்தான் நிற்கிறது, அங்கே அதே கோபுரத்தின் கம்பியில் குருவி வரிசையாக உட்கார்ந்திருப்பதை நான் பார்க்கிறேன்.

நகரத்தில் என்ன போயிற்று என்று பாருங்கள். ஓட்டு வீடு போயிற்று. சாக்கில் அளந்து விற்ற மளிகைக் கடை போய்ப் பொட்டலம் வந்தது, சிந்துகிற தானியம் இல்லை. முக்கியமாகப் புழு பூச்சி போயிற்று. பெரிய குருவிக்குத் தானியம் போதும். குஞ்சுக்கு முதல் சில நாட்கள் மெல்லிய புழு, அசுவினி, சிலந்தி மாதிரிதான் ஊட்ட வேண்டும். புல்லும் புதரும் இல்லாமல் முற்றம் முழுக்க டைல்ஸ் ஒட்டிவிட்டால் அம்மாக் குருவி எங்கே போய்ப் புழு பிடிக்கும்? முட்டை பொரிந்த பின் கூட்டிலேயே குஞ்சு வாடிப்போவதற்கு இது பெரிய காரணம்.

அதனால் பெட்டி வைக்கிறவர்கள் கூடவே ஒரு தொட்டியிலாவது மருதாணி, செம்பருத்தி, கொடிமல்லி மாதிரி அடர்த்தியாக வளர்வதை வையுங்கள். பூச்சி மருந்து அடிக்காதீர்கள். செம்பருத்தியில் அசுவினி வந்தால் வரட்டும், குருவியே வந்து பொறுக்கும். ஒரு அகலத் தட்டில் உலர்ந்த மண் வைத்தால் புழுதிக் குளியலும் போடும்.

---

யாழ் முற்றம்

வணக்கம். உங்களது உரையாடலை வாசித்துக்கொண்டு வருகிறேன். எங்கட பக்கம் பெட்டி வைக்கிற வழக்கம் அவ்வளவாக இல்லை, முட்டிதான். விறாந்தைக் கூரையின் கீழ் மண் முட்டி கட்டித் தொங்கவிடுவது இலங்கையில் பழைய பழக்கம். தமிழ் வீடு, சிங்கள வீடு என்றில்லை, எல்லாரும் கட்டுவார்கள். வீட்டுக் குருவி வந்து குடியிருந்தால் வீட்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை.

அம்மம்மா கட்டிய முறை இது. சின்ன முட்டியைப் படுக்கையாக வைத்து, வாயைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடி, சிரட்டையில் குருவி நுழையும் அளவுக்கு ஒரு துளை. கழுத்திலும் அடியிலுமாக இரண்டு இடத்தில் கயிறு போட்டுத் தீராந்தியோடு, அதாவது கூரை மரத்தோடு, இறுக்கிக் கட்டுவார். ஒரே கயிற்றில் தொங்கினால் காற்றுக்குச் சுழலும், குருவி அண்டாது. மெருகு போடாத மண் முட்டி சுவாசிக்கும், வெயிலுக்கும் குளிர்ச்சி. மரப்பெட்டியை விட எனக்கு இதுதான் விருப்பம்.

---

ஆசாரி மகன்

யாழ் முற்றம் சொல்வது சரிதான், மரவேலைக்காரன் நானே ஒப்புக்கொள்கிறேன். மண் கலயம் வெப்பத்துக்கு நல்லது. ஒரே சிக்கல், நழுவினால் உடையும், அதனால் கயிறு பழசாகும் முன் மாற்ற வேண்டும். நைலான் கயிறு வெயிலில் பொடிந்துவிடும், முறுக்குக் கம்பி பாதுகாப்பு. கலயத்தில் துளை போட்டுக் கேட்பதானால் சூளைக்குப் போகும் முன் பானை செய்யும் வேளாரிடம் சொல்லிவிடுங்கள். பச்சை மண்ணில் போடுவது சுலபம், சுட்ட பிறகு துளைத்தால் விரிசல் விடும்.

பெயிண்ட் அடித்து, படம் வரைந்து விற்கிறார்களே அந்தக் கலயம் வேண்டாம். பெயிண்ட் அடைத்துக்கொண்டால் அது சுவாசிக்காது.

---

வேளச்சேரி மாடி

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை, நன்றி. தெற்குச் சன்ஷேடை மதியம் போய்த் தொட்டுப் பார்த்தேன், நன்றாக நிழல் இருக்கிறது. இன்னும் சில சந்தேகம்.

ஒரு பெட்டி போதுமா, இரண்டு மூன்று வைக்கலாமா? அணில் நிறைய ஓடுகிறது, என்ன செய்வது? படுக்கையறைக்குள்ளேயே ஜன்னல் மேலே மாட்டினால் இன்னும் பத்திரமாக இருக்காதா?

---

டீச்சரம்மா, காரைக்குடி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அறைக்குள் வேண்டவே வேண்டாம். மின்விசிறி. வீட்டுக்குள் கூடு கட்டிய குருவிகள் விசிறியில் அடிபட்டு விழுவதைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. வெளிச்சுவர்தான் சரி.

---

நொய்யல்கரை

சிட்டுக்குருவி கூட்டமாக வாழ்கிற பறவை. இரண்டு மூன்று பெட்டியை ஒரே சுவரில் சில அடி தள்ளித் தள்ளி மாட்டலாம், சண்டை சிறிதாக இருக்கும், பிறகு பழகிவிடும். ஒரு ஜோடி நுழைந்தால் மற்றதுக்கும் தைரியம் வரும். பெட்டிக்கு வரும் இன்னொரு பறவையான சாம்பல் பட்டாணிக்குருவி அப்படி இல்லை, தன் எல்லைக்குள் இன்னொரு ஜோடியை விடாது, அதற்கு ஒரு தோட்டத்துக்கு ஒரு பெட்டிதான்.

உயரம்: தரைத்தளம் என்றால் எட்டிலிருந்து பத்தடிக்குக் குறையக் கூடாது. இரண்டாவது மாடியில் உயரம் பிரச்சினை இல்லை, ஆனால் ஜன்னல் கம்பி வழியாகவோ குழாய் வழியாகவோ பூனை வர வழியிருக்கிறதா பாருங்கள். ஏ.சி.யின் வெளி யூனிட் பக்கத்தில் இருந்தால் அதன் சூட்டுக்காற்று படாத தூரம். பெட்டி ஆடக் கூடாது. கொக்கியில் தொங்கவிடாமல் பின்பலகையில் மேலே ஒன்று கீழே ஒன்று ஸ்க்ரூ. வாசல் தரையைப் பார்த்து லேசாகச் சாய்ந்தால் நல்லது, மேலே பார்த்து மட்டும் சாயக் கூடாது.

அணிலுக்கு: அது மரத்தைக் கொறித்துத் துளையைப் பெரிதாக்கி உள்ளே போகும், முட்டையையும் தின்னும். துளையைச் சுற்றி அதே 32 மில்லிமீட்டர் துளை போட்ட தகடு ஒன்றை அடித்துவிடுங்கள். தகட்டின் விளிம்பை அரத்தால் தேய்த்து மழுங்கவைக்க மறக்காதீர்கள். எறும்பு வந்தால் பெட்டிக்குப் பக்கத்தில் சாக்பீஸ் மருந்தோ பொடியோ போட வேண்டாம். எறும்பு எந்த வழியில் ஏறுகிறது என்று பார்த்து, சுவரில் அந்தப் பாதையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டே வந்தால் வழி மாறிவிடும்.

---

கொல்லைப்புறம், தஞ்சை

ஊடே ஒரு கேள்வி. எங்களுக்குத் தென்னை, மா, வாழையோடு நல்ல கொல்லை இருக்கிறது. சிட்டுக்குருவி மட்டும்தானா? குண்டுகரிச்சான், தேன்சிட்டு, கொண்டைக்குருவி எல்லாம் வருகிறது. இதற்கெல்லாம் பெட்டி வைக்கலாமா?

---

நொய்யல்கரை

பொந்தில் கூடு கட்டுகிற பறவைதான் பெட்டிக்கு வரும், இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். தேன்சிட்டு தானே பை மாதிரி கட்டித் தொங்கவிடும். தையல்சிட்டு இலையைத் தைக்கும். கொண்டைக்குருவி புதரில் கிண்ணம் கட்டும். தூக்கணாங்குருவியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றுக்கெல்லாம் எந்தப் பெட்டியும் உதவாது. வேலியோரப் புதரை வெட்டாமல் விடுவதுதான் நீங்கள் செய்யக்கூடியது.

குண்டுகரிச்சானுக்கு வைக்கலாம். வெயில் காலத்தில் விடியும் முன் உச்சிக் கிளையில் இருந்து பாடுமே, அந்தப் பறவை பொந்திலும் சுவர் ஓட்டையிலும் கட்டும். துளை 5 சென்டிமீட்டர், உள்ளே தரை கொஞ்சம் பெரிதாக, மரத்தில் எட்டடிக்கு மேல், கிளை நிழலில். அதே துளைக்கு மைனாவும் வரும். வந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் நம் ஊர்ப் பறவைதான். கொல்லையில் சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையில் விட்டு வையுங்கள், கரிச்சான் அங்கேதான் இரை தேடும்.

ஆனால் உங்களிடம் தென்னை இருக்கிறது என்கிறீர்கள். பட்டுப்போன தென்னை ஏதாவது நிற்கிறதா? விழுந்தால் வீட்டின் மேல் விழாது என்ற இடத்தில் இருந்தால் வெட்டாதீர்கள். மரங்கொத்தி குடைந்த பொந்தில் அடுத்த வருஷம் கிளி வரும், மைனா வரும், புள்ளி ஆந்தை வரும். அந்த ஒரு மொட்டைத் தென்னை நாம் செய்கிற எல்லாப் பெட்டிக்கும் மேல்.

---

கொல்லைப்புறம், தஞ்சை

பட்ட தென்னை ஒன்று வேலியோரம் நிற்கிறது, ஆள் வைத்து வெட்ட இருந்தோம். நிறுத்திவிடுகிறேன். அப்பாவிடம் சொன்னதும், "அதில் ஏற்கெனவே ரெண்டு கிளி நுழையுதே, நீ பார்க்கலையா" என்றார்.

---

புதுசா ஒரு குருவி

கிளி வந்தால் குஞ்சைப் பிடித்து வளர்க்கலாமா?

---

டீச்சரம்மா, காரைக்குடி

கூடாது தம்பி. பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கான விளக்கத்திலேயே காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். சட்டத்தை விடுங்கள், கிளிக்குஞ்சைக் கூண்டில் அடைத்து வைத்தால் அது என்ன வாழ்க்கை? தென்னையில் இருந்து அது தலையை நீட்டிப் பார்ப்பதைத் தினமும் பார்க்கலாமே.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது சிவகங்கை மாவட்டம் பொத்தகுடி ஊரின் கதை. 2020-ல் அங்கே தெருவிளக்கு சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டுவிட்டது. ஊரே சேர்ந்து, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் இருந்தார்கள். இந்த ஊர் எங்கள் பள்ளியிலிருந்து ரொம்ப தூரமில்லை என்றதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

---

வேளச்சேரி மாடி

டீச்சர், அதைப் படித்ததும் பயந்துபோய் மீட்டர் பெட்டியை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். நாரும் நாலைந்து வைக்கோலும் மட்டும்தான், முட்டை இல்லை. எலெக்ட்ரீஷியனை வரச்சொல்லி எடுத்துவிட்டுக் கதவின் இடுக்கை வலை வைத்து அடைக்கிறேன். அதே நாளில் பெட்டி மாட்டியாக வேண்டும். இரண்டு பெட்டிக்குப் பலகை அறுத்து வாங்கியாயிற்று, பழைய மாமரப் பலகை.

உள்ளே பஞ்சு, வைக்கோல் போட்டு வைத்தால் சீக்கிரம் வருமா?

---

ஆசாரி மகன்

உள்ளே எதுவும் வைக்காதீர்கள் அக்கா. கூடு கட்டுகிற வேலையில்தான் ஜோடி ஒன்றுக்கொன்று பழகுகிறது, அதைப் பறிக்க வேண்டாம். மீட்டர் பெட்டியிலிருந்து எடுக்கிற நாரையும் வைக்கோலையும் பால்கனியில் பறவை பார்க்கிற இடத்தில் போட்டுவிடுங்கள், அதுவே தூக்கிக்கொண்டு போகும். நீளமான நூல், நைலான் இழை, தலைமுடி இருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டு இறுகும்.

மாமரம் நல்லது. ஆனால் வண்டு துளைக்கும், துளைத் தூள் தெரிகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

---

நொய்யல்கரை

தண்ணீர்க் கிண்ணமும் வைத்தால் தினமும் மாற்றுங்கள், கொசு முட்டையிட நேரம் கொடுக்கக் கூடாது. தானியம் என்றால் கம்பு, தினை, நொய்யரிசி. பெட்டிக்கு அடியிலேயே போடாதீர்கள், காகமும் புறாவும் அங்கேயே சுற்றும். பால்கனியின் மறு மூலையில் போடுங்கள்.

குடி வந்துவிட்டால் பெட்டிப் பக்கம் போகாமல் இருப்பதுதான் பெரிய உதவி. மூன்று முதல் ஐந்து முட்டை வரை இடும். அடைகாக்க இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு, பொரிந்த பின் பறக்க இரண்டு வாரம். நடுவில் மூடியைத் திறந்து செல்போனில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். அம்மா வாயில் புழுவோடு வருவதும், வெள்ளைக் குஞ்செச்சத்தைக் கவ்விக்கொண்டு வெளியே போவதும் தூரத்தில் இருந்தே தெரியும். அந்த எச்சம் சவ்வு மூடி உருண்டையாக இருக்கும், கூடு அழுக்காகாமல் இருக்க அதைக் கொண்டுபோய்த் தள்ளிப் போடும்.

உடனே வராவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். சில பெட்டிக்குள் மறுநாளே நுழையும், சிலதுக்கு ஒரு வருஷம் ஆகும். ஒரு முழு வருஷம் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் மட்டும் இடத்தை மாற்றுங்கள்.

---

வேளச்சேரி மாடி

இரண்டும் மாட்டியாயிற்று. தெற்குச் சுவர், சன்ஷேடுக்கு அடியில், இரண்டுக்கும் நடுவில் மூன்றடி. எதிர்வீட்டு மாமி ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு அவருக்கும் ஒன்று செய்துதரச் சொல்கிறார், ஆனால் அவர் வீட்டுச் சுவர் மேற்கு. ஆண் குருவி ஒன்று, கழுத்தில் கருப்புப் பட்டை நன்றாகத் தெரிகிறது, இடது பெட்டியின் துளைக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்கிறது. கம்பியில் போய்க் கத்துகிறது, திரும்ப வருகிறது.

ஒரு கடைசிக் கேள்வி: ஒரு ஈடு முடிந்த பிறகு பழைய கூட்டை எடுத்துவிட வேண்டுமா, விட்டுவிடலாமா?

---

நொய்யல்கரை

ஒரு ஈடு முடிந்த சூட்டோடு அதே ஜோடி அடுத்த ஈட்டுக்கு அதே கூட்டில் உட்காரும். நம் ஊரில் வருஷத்தின் எந்த மாதத்திலும் முட்டையிடலாம். அதனால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் வரத்துப் போக்கே இல்லை என்று உறுதியான பிறகு, வருஷத்துக்கு ஒருமுறை, வடகிழக்கு மழை தொடங்கும் முன் செப்டம்பர் வாக்கில் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் பழைய கூட்டை அப்படியே எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள், அதில் பேன் இருக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கொதிநீர் ஊற்றிக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும், பினாயிலும் பூச்சி மருந்தும் வேண்டாம். வடிகால் துளை அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிடுங்கள். ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாமியின் மேற்குச் சுவருக்குப் பெட்டி வேண்டாம். அவர் வீட்டு மாடிப்படி மூடாப்பின் உள்பக்கம் நிழலாக இருந்தால் அங்கே யாழ் முற்றம் சொன்ன முட்டியைக் கட்டச் சொல்லுங்கள்.